பெரிய நாய், சின்ன வீடு, கையில் ஒரு புத்தகம்

பெங்களூர் காக்ஸ் டவுனில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்ப் போர்ஷனில் பீமா இருக்கிறான். கிரேட் டேன். திண்டுக்கல்லில் தெருநாய்களோடு வளர்ந்த எனக்கு, என் எடையைவிடக் கூடுதலான ஒரு நாயை அதற்கு முன் கிட்டத்தில் பார்த்துப் பழக்கமில்லை. குடிவந்த முதல் வாரம், ஜூன் மாத மழை. படிக்கட்டுக்கு அடியில் ஒதுங்கி நின்றேன். பீமா வந்து பக்கத்தில் நின்றான். அப்புறம் மெதுவாகத் தன் உடம்பை மொத்தமாக என் இடுப்பில் சாய்த்தான். நான் நகர்ந்து நகர்ந்து சுவரோடு ஒட்டிவிட்டேன். கீழ்வீட்டு அக்கா ஜன்னலிலிருந்து சொன்னார்: "பயப்படாதேம்மா, சாயுறான், அவ்வளவுதான். காலைக் கொஞ்சம் அகட்டி வெச்சு நில்லு, தாங்கிக்கும்."

சில வாரம் கழித்து அக்கா ஒரு ஆங்கிலப் புத்தகத்தோடு மாடியேறி வந்தார். வெளிநாட்டில் இருக்கும் அவர் மகன் விட்டுப்போனது. "அட்டையில நாய் படம் போட்டிருக்கு. உள்ள என்ன இருக்குன்னு படிச்சுச் சொல்லேன்" என்றார். அன்றிலிருந்து ஞாயிறு மாலைகளில் நான் ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் சொல்வேன், அக்கா கேட்பார், பீமா வாசற்படியில் குறுக்கே படுத்திருப்பான். அப்படி வாசித்த புத்தகங்கள் இன்று ஓர் அலமாரித் தட்டை நிறைத்திருக்கின்றன. பெரிய நாய்களோடு வாழ்ந்தவர்கள் எழுதிய புத்தகங்களுக்கு நீங்கள் புதிது என்றால், எங்கே தொடங்கலாம், எப்படி வாசித்தால் சுவை கூடும் என்று எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன். நாய் வளர்க்காதவர்களுக்கும் இது பொருந்தும். நானே வளர்ப்பதில்லை.

வாசிப்பதற்கு முன், அளந்து பாருங்கள்

புத்தகத்தைத் திறக்கும் முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு சுவரோரம் உட்காருங்கள். தரையிலிருந்து 80 செ.மீ. உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். சர்வதேச நாய்ச் சங்கத்தின் அளவுகோல்படி ஓர் ஆண் கிரேட் டேனுக்குக் குறைந்தபட்ச உயரம் அதுதான். அதுவும் தோள்பட்டை வரைக்கும். தலை அதற்கும் மேலே. நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையின் உயரம் ஏறத்தாழ 75 செ.மீ. அப்படியென்றால் மேஜைமேல் இருக்கும் இட்லிப் பாத்திரத்துக்கு அந்த நாய் எம்ப வேண்டியதில்லை, குனிந்தால் போதும். கின்னஸ் பதிவில் உலகின் மிக உயரமான நாய் என்று இருந்த சியூஸ் என்ற கிரேட் டேன் 111.8 செ.மீ. அந்தக் கோட்டையும் போட்டுப் பாருங்கள். 'அது சோபாவில் ஏறிப் படுத்துக்கொண்டது' என்று ஒரு வரி வந்தால், சோபாவில் வேறு யாருக்கும் இடமில்லை என்பது இனி உங்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

அடுத்தது, முடிந்தால் ஒரு பெரிய நாயைத் தொட்டுப் பாருங்கள். கப்பன் பூங்காவுக்குள் நாய்களுக்கென்றே தனியாக ஒரு பூங்கா இருக்கிறது. விடுமுறை நாளில் போனால் லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட், சமயத்தில் ஒரு செயின்ட் பெர்னார்ட்கூடக் கண்ணில் படும். வளர்ப்பவரிடம் கேட்டுவிட்டுப் பக்கவாட்டில் நில்லுங்கள், நாயே வரட்டும். தலைக்குமேல் கையை நீட்டாதீர்கள். அது மோந்து முடித்த பிறகு நெஞ்சுப் பக்கம் தடவலாம். ஜொள்ளு உங்கள் சட்டையில் விழும். விழட்டும். புத்தகத்தில் ஜொள்ளைப் பற்றி வரும் பக்கங்களை அதன்பின் வேறு மாதிரி வாசிப்பீர்கள்.

இனத்தின் பழைய தொழிலையும் தெரிந்துவைத்துக்கொண்டால் நல்லது. விசித்திரம் என்று நாம் சொல்லும் பல பழக்கங்களுக்கு வேர் அங்கேதான். கிரேட் டேனின் முன்னோர்கள் ஜெர்மனியில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போனவர்கள், பெயரில் டென்மார்க் இருந்தாலும். நியூஃபவுண்ட்லாண்ட் என்ற இனம் மீனவர்களோடு கடலில் வேலை செய்த நாய், விரல்களுக்கு நடுவே சவ்வு உண்டு. வீட்டில் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் காலை விட்டுத் துழாவுகிறது என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. செயின்ட் பெர்னார்ட் ஆல்ப்ஸ் கணவாயில் துறவிகளோடு இருந்து பனியில் சிக்கியவர்களைத் தேடியது. 1800 முதல் 1814 வரை வாழ்ந்த பாரி என்ற நாய் 40 உயிர்களைக் காப்பாற்றியது என்பார்கள், அதன் பாடம் செய்த உடல் இன்றும் பெர்ன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கழுத்தில் பிராந்திப் பீப்பாய் மட்டும் ஓர் ஓவியர் வரைந்ததிலிருந்து பரவிய கதை.

முதல் புத்தகம் எது

தயங்காமல் சொல்வேன்: ஜான் குரோகனின் 'மார்லி அண்ட் மீ', 2005. அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் பத்தி எழுதியவர். பத்தி எழுதுகிறவரின் மொழி என்பதால் ஆங்கிலம் எளிது, அத்தியாயங்கள் சின்னவை, பஸ்ஸில் வாசிக்கலாம். மார்லி 44 கிலோ லேப்ரடார். பயிற்சி வகுப்பிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவன். இடிச்சத்தம் கேட்டால் பதறிப்போய்ச் சுவரைப் பிராண்டி, பாதத்தில் ரத்தம் வரும்வரை விடமாட்டான்.

இந்த இடத்தை நான் வாசித்தபோது அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். பீமாவைத் திரும்பிப் பார்த்தார். "அன்னிக்குப் படிக்கட்டுக்குக் கீழ உன்மேல சாஞ்சானே, அது பாதி பிரியம்தான். பாதி இடிக்குப் பயந்து. மழை வந்தா இவனுக்கு அந்த இடம்தான்" என்றார். அதுவரை பீமாவுக்கு என்னைப் பிடித்துப்போனதாக மட்டும் நினைத்திருந்தேன். ஒரு புத்தகம் இப்படி வீட்டு நாயை வந்து தொட்ட முதல் தடவை அது. அதன்பின் மழைக்காலத்தில் இடி இடித்தால் நான் கீழே இறங்கிப்போய் அந்தப் படிக்கட்டடியில் அவனோடு நிற்பேன், காலை அகட்டி வைத்துக்கொண்டு.

இரண்டாவதாக, சிக்ரிட் நூனெஸின் 'தி ஃப்ரெண்ட்'. இது நாவல். 2018-இல் வந்தது, அந்த ஆண்டே அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது பெற்றது. நியூயார்க்கில் சின்னதொரு வாடகை வீட்டில் தனியாக இருக்கும் எழுத்தாளர் ஒருத்தி. அவளுடைய நெருங்கிய நண்பர் தற்கொலை செய்துகொள்கிறார். அவர் வளர்த்த கிரேட் டேன், அப்பல்லோ, அவள் பொறுப்புக்கு வருகிறது. கட்டடத்தில் நாய் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. நாயும் துக்கத்தில் இருக்கிறது, அவளும் துக்கத்தில் இருக்கிறாள். அது அவள் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொள்கிறது. கதை என்று பெரிதாக ஓடாது. எழுத்து, மரணம், ஆசிரியர் மாணவர் உறவு என்று எங்கெங்கோ போய்த் திரும்பும். பொறுமையாக இருங்கள், நாய் திரும்ப வரும்போது ஒவ்வொரு தடவையும் கனம் கூடியிருக்கும். அண்மையில் வேண்டியவரை இழந்தவர்கள் இதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம், அல்லது அதற்காகவே எடுக்கலாம். அது அவரவர் மனசு.

பெங்களூரில் அபார்ட்மெண்டில் இருப்பவர்களுக்கு இந்த நாவல் சொந்தக் கதைபோல இருக்கும். நாய் இருந்தால் வீடு இல்லை என்ற பேச்சை இங்கே வீடு தேடிய எல்லோரும் கேட்டிருப்போம். குடியிருப்புச் சங்கங்கள் நாய் வளர்ப்புக்கு ஒட்டுமொத்தத் தடை போடக் கூடாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அப்பல்லோவின் கதையை வாசிக்கும்போது இதுவும் நினைவில் இருக்கட்டும்.

மூன்றாவது, என் மனசுக்கு மிக நெருக்கமானது: ஜே. ஆர். ஆக்கர்லியின் 'மை டாக் டுலிப்', 1956. பிபிசியின் வாரப் பத்திரிகையில் இலக்கிய ஆசிரியராக இருந்தவர், லண்டன் அடுக்குமாடி வீட்டில் ஒரு பெண் அல்சேஷனோடு வாழ்ந்த வாழ்க்கை. மலம், மூத்திரம், சினைப் பருவம் எதையும் அவர் மறைக்கமாட்டார். சங்கடமாக இருந்தால் ஓர் அத்தியாயம் தாண்டுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள். இதை முதல் புத்தகமாக எடுத்தவர்கள் பாதியில் மூடிவைத்ததைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் மூன்றாவது.

ஜான் ஸ்டைன்பெக்கின் 'டிராவல்ஸ் வித் சார்லி' (1962) எப்போது வேண்டுமானாலும் இடையில் வரலாம். 1960-இல் ஒரு டிரக்கின் பின்னால் சின்ன வீடு கட்டிக்கொண்டு அமெரிக்காவைச் சுற்றிய பயணம், துணைக்கு வயதான பூடில். பூடில் என்றதும் மடியில் வைக்கும் நாய் என்று நினைக்காதீர்கள், சார்லி ஸ்டாண்டர்ட் பூடில். முன்பற்கள் கோணலாக இருப்பதால் 'ஃப்' என்ற ஒலி அதற்கு வரும், வெளியே போக வேண்டும் என்றால் 'ஃப்ட்' என்று சொல்லி எழுப்பும். சாந்தமான அந்தக் கிழநாய் யெல்லோஸ்டோன் காட்டில் கரடியைப் பார்த்ததும் வெறிபிடித்ததுபோல் ஆகிவிடும் பக்கங்களுக்காகவே வாங்கலாம்.

எதை முதலில் எடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். ஜாக் லண்டனின் நாவலைப் பலரும் முதலில் பரிந்துரைப்பார்கள். 1903-இல் வந்த அதைப் பெ. தூரன் 'கானகத்தின் குரல்' என்று தமிழாக்கினார். செயின்ட் பெர்னார்ட் தந்தைக்கும் ஸ்காட்லாந்து ஆட்டுநாய்த் தாய்க்கும் பிறந்த பக், 63 கிலோ, தங்க வேட்டைக் காலத்தில் திருடி விற்கப்பட்டுப் பனிவண்டி இழுக்கப் போகிறது. அருமையான நூல். ஆனால் அது வீட்டைவிட்டு வெளியேறும் நாயின் கதை. தடியடியும் ரத்தமும் அதிகம். நாயோடு ஒரு கூரையின் கீழ் வாழ்வது எப்படி என்று பார்க்க வந்தவர்கள் அதை நான்காவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊரில் எங்கே தேடுவது

எம்.ஜி. ரோடு மெட்ரோவில் இறங்கி சர்ச் ஸ்ட்ரீட்டுக்கு நடந்தால் பிளாசம், புக்வோர்ம் இரண்டும் அருகருகே. பழைய பிரதிகளும் கிடைக்கும். பிரிகேட் ரோட்டின் குறுக்குச் சந்தில் 1945-இலிருந்து நடக்கும் செலக்ட் புக் ஷாப் பழைய பதிப்புகளுக்கு நல்ல இடம். ஒரு விஷயம் கவனியுங்கள்: இந்தப் புத்தகங்கள் ஒரே அலமாரியில் இருக்காது. வளர்ப்புப் பிராணிகள் பிரிவில் தேடினால் குட்டிக்கு என்ன சாப்பாடு, எப்படிக் குளிப்பாட்டுவது என்ற கையேடுகள்தான் வரும். மார்லியை வாழ்க்கை வரலாற்றுப் பக்கமும், சார்லியைப் பயண நூல்களிலும், டுலிப்பைச் செவ்வியல் வரிசையிலும், அப்பல்லோவை நாவல்களிலும் பாருங்கள். ஆசிரியர் பெயரைச் சொல்லிக் கேட்பதுதான் சுலபம்.

தமிழ் நூல்களுக்கு அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்க நூலகத்தை மறந்துவிடாதீர்கள். இந்திராநகர் ஆட்டா கலாட்டாவில் இந்திய மொழிப் புத்தகங்கள் உண்டு. 2022 டிசம்பரில் தொடங்கிய தமிழ்ப் புத்தகத் திருவிழாவும் இப்போது நமக்கு இருக்கிறது.

வாசிக்க இடம் வேண்டுமென்றால் சனிக்கிழமை காலை கப்பன் பூங்காவுக்குப் போகலாம். கப்பன் ரீட்ஸ் என்று ஆளுக்கொரு பாய் விரித்துப் பேசாமல் வாசிக்கும் கூட்டம். கட்டணம் கிடையாது, யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். நாய்ப் புத்தகம் வாசிக்கும்போது நிஜ நாய் ஒன்று வந்து உங்கள் பாயில் உட்கார்ந்தால் புத்தகத்தை மூடிவிடுங்கள்.

பென்சிலும் ஒரு கேள்வியும்

இனி வாசிக்கும் முறை. எனக்கு ஒரே ஒரு கேள்விதான்: நாய் எங்கே படுக்கிறது?

ஒவ்வொரு தடவை அது படுக்கும் இடம் வரும்போதும் ஓரத்தில் ஒரு சின்னக் கோடு போடுங்கள். புத்தகம் முடிந்ததும் கோடுகளை மட்டும் புரட்டிப் பாருங்கள். முதல் வாரம் குளியலறை வாசல், அப்புறம் கட்டிலுக்குக் கீழே, அப்புறம் கட்டிலில், அப்புறம் மனிதர் தரையில். அல்லது நேர்மாறாக, குழந்தை பிறந்ததும் கட்டிலிலிருந்து வராந்தாவுக்கு. வீட்டில் யார் யாருக்கு என்ன இடம், யார் யாருக்காக நகர்ந்தார்கள் என்பது அந்தக் கோடுகளில் இருக்கும். சின்ன நாயை எங்கே வேண்டுமானாலும் செருகிவிடலாம். 60 கிலோ நாய்க்கு வீட்டில் யாராவது ஒருவர் நகர்ந்தே ஆகவேண்டும். எழுதியவர் சொல்ல நினைத்ததைவிட அதிகமாகவே இந்த நகர்வுகள் சொல்லிவிடுகின்றன.

அக்காவின் வீட்டிலேயே பார்க்கிறேன். அய்யா இருந்தவரை பீமா கூடத்தில், அவருடைய ஈசிசேருக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டு படுப்பானாம், உடம்பு முழுக்க வெளியே கிடக்குமாம். இப்போது வாசற்படியில் குறுக்கே. அக்கா ஒவ்வொரு தடவையும் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போகிறார். எழுப்பலாமே என்றேன். "அவனுக்கு அங்கதான் தெருவும் தெரியும், நானும் தெரிவேன்" என்றார்.

இரண்டாவதாகக் கவனிக்க வேண்டியவர்கள் மற்ற மனிதர்கள். வாட்ச்மேன், எதிர்வீட்டுக்காரர், டாக்டர். 'மை டாக் டுலிப்'பில் ஒரு காட்சி. டுலிப்பைத் தொட்டுப் பார்க்க எந்தக் கால்நடை மருத்துவராலும் முடியவில்லை, உறுமுகிறது, கடிக்க வருகிறது. கடைசியில் ஒரு பெண் மருத்துவர் வருகிறார். அவர் செய்வது ஒன்றே ஒன்று: வளர்ப்பவரை அறைக்கு வெளியே போகச் சொல்கிறார். அவர் போனதும் டுலிப் பேசாமல் நிற்கிறது. அதற்குக் கோபம் இல்லை, தன் ஆளைக் காக்க வேண்டுமே என்ற பதற்றம், ஆளே அங்கே இல்லையென்றால் பதற்றமும் இல்லை. ஆக்கர்லி இந்த உண்மையை ஏற்றுக்கொள்ளும் விதத்தை நான் பல தடவை திரும்ப வாசித்திருக்கிறேன். அக்கா அதைக் கேட்டுவிட்டு, அடுத்த தடவை பீமாவுக்கு நகம் வெட்ட ஆள் வந்தபோது எதுவும் சொல்லாமல் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். நாலு காலும் பத்து நிமிஷத்தில் முடிந்தது.

நாய் எதையெல்லாம் உடைத்தது என்ற கணக்கும் இந்தப் புத்தகங்களில் நிறைய வரும். சிரித்துவிட்டுத் தாண்டிப் போங்கள், அதில் தோண்ட அவ்வளவாக ஒன்றுமில்லை.

பனியும் கணப்பு அடுப்பும் வரும்போது மட்டும் ஒரு நிமிஷம் நில்லுங்கள். பெரும்பாலும் குளிர்நாட்டில் எழுதியவை. அங்கே நாய் அடுப்போரம் படுக்கும், இங்கே பீமா ஏப்ரலில் சிவப்பு ஆக்சைடு தரையைத் தேடி அடுப்பங்கரை வரை வந்துவிடுவான். பெங்களூர் கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருக்கலாம், அதற்காக அடர்முடி செயின்ட் பெர்னார்டுக்கு இது ஆல்ப்ஸ் ஆகிவிடாது.

எதை நம்பலாம், எதைச் சரிபார்க்க வேண்டும்

புத்தகத்தின் பின்னட்டையைப் பார்க்கும் முன், உரிமைப் பக்கத்தைத் திருப்பி ஆண்டைப் பாருங்கள். இதைப் பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். அன்பு பழையதாகாது, மருத்துவமும் பயிற்சி முறையும் பழையதாகிவிடும்.

பழைய நூல்களில் 'நீதான் தலைவன் என்று நாய்க்குக் காட்டு' என்ற பாட்டு அடிக்கடி வரும். ஓநாய்க் கூட்டத்தில் 'ஆல்ஃபா' சண்டை போட்டு முதலிடம் பிடிக்கிறது என்ற எண்ணத்திலிருந்து வந்தது அது. அந்தச் சொல்லை 1970-இல் தன் நூலால் பரவலாக்கிய ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், 1999-இல் தானே அதைத் திருத்தினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்றார். அதனால் நாயைப் புரட்டிப்போட்டு அழுத்தும் பக்கங்கள் வந்தால், அந்தக் காலத்து வழக்கம் என்று வாசியுங்கள், பக்கத்துவீட்டு நாயிடம் முயன்று பார்க்காதீர்கள்.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. கிரேட் டேன்போல நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு வயிறு காற்றடைத்து உப்பி, அப்படியே முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு உப்பும், வாந்தி எடுக்க முயலும் ஆனால் எதுவும் வராது, ஓரிடத்தில் நிற்காது, ஜொள்ளு வழக்கத்தைவிட அதிகம் கொட்டும். இது தெரிந்தால் மணிக்கணக்கில் காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. 'மார்லி அண்ட் மீ'யிலும் இது வருகிறது. இதற்குத் தற்காப்பாக உணவுக் கிண்ணத்தை உயரத்தில் வைக்கச் சொல்லிப் பழைய நூல்கள் பல எழுதின. 2000-இல் வெளியான பர்டூ பல்கலைக்கழக ஆய்வு அதற்கு நேர் எதிராக, உயரக் கிண்ணம் ஆபத்தைக் கூட்டுகிறது என்று கண்டது. அக்காவும் பீமாவுக்கு ஸ்டூல்மேல்தான் வைத்துக்கொண்டிருந்தார். டாக்டரிடம் கேட்டுவிட்டு இப்போது தரையில், ஒரே வேளையாகக் கொட்டாமல் மூன்று வேளையாகப் பிரித்து வைக்கிறார். இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனையின் எண்ணைக் காலண்டர் ஓரத்தில் எழுதியும் வைத்திருக்கிறார்.

நினைவுக்குறிப்பு என்று அட்டையில் இருப்பதாலேயே எல்லாம் அப்படியே நடந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஸ்டைன்பெக்கின் பயணத்தில் பல உரையாடல்களும் தங்கிய இடங்களும் கற்பனை கலந்தவை என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் காட்டினார்கள். அதற்காக என் கண்ணில் அந்த நூல் தாழ்ந்துவிடவில்லை. சார்லி இருந்தது உண்மை, அதை அவர் பார்த்த பார்வை உண்மை.

நம் நாய்கள்

லேப்ரடாரும் டேனும் வாசித்துக்கொண்டே போகும்போது, நம் பக்கத்துப் பெரிய நாய்களுக்குப் புத்தகம் இல்லையா என்ற கேள்வி வரும். சு. தியடோர் பாஸ்கரனை எடுங்கள். அஞ்சல் துறையில் உயர் பதவியில் இருந்தவர், சூழலியல் எழுத்தாளர், சினிமா வரலாற்றாளர். ஆங்கிலத்தில் 'தி புக் ஆஃப் இந்தியன் டாக்ஸ்' 2017-இல் வந்தது, தமிழில் 'இந்திய நாயினங்கள்' இருக்கிறது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, நம் கர்நாடகத்து முதோள் எல்லாம் யார், எங்கிருந்து வந்தன, ஏன் அருகிப்போயின என்று தெரிந்துகொள்ளலாம். இந்திய அஞ்சல் துறை 2005-இல் வெளியிட்ட நாய் அஞ்சல்தலைகளில் ராஜபாளையமும் முதோளும் உண்டு. பழைய தலை கிடைத்தால் புத்தகக்குறியாகப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இது இனங்களைப் பற்றிய நூல். ராஜபாளையம் நாயோடு ஒரே வீட்டில் பத்து வருஷம் வாழ்ந்த கதையை, அது யாரை மட்டும் கிட்டத்தில் விட்டது, எங்கே படுத்தது என்று, ஒருவர் முழுப் புத்தகமாகத் தமிழில் எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒற்றை ஆளிடம் ஒட்டிக்கொள்ளும் அந்த வெள்ளை நாய்க்கு அப்படியொரு புத்தகம் பொருந்தும். இதை வாசிக்கும் யாராவது வளர்த்திருந்தால், தயவுசெய்து எழுதுங்கள்.

ஆங்கிலப் புத்தகத்தைத் தமிழில் சொல்லும்போது எனக்கு வந்த ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். நாயை 'அது' என்பதா, 'அவன்' என்பதா? ஆங்கிலத்தில் இந்த எழுத்தாளர்கள் அவன், அவள் என்றே எழுதுகிறார்கள். நான் முதலில் 'அது' என்றுதான் சொன்னேன். மார்லிக்கு நாலாவது அத்தியாயத்தில் அக்கா தாங்கமாட்டாமல், "என்னம்மா அது அதுங்கிற, அவனுக்குப் பேரு இருக்குல்ல" என்றார். இப்போது வளர்ப்பவர் வாயால் வந்தால் அவன், அறியாதவர் வாயால் வந்தால் அது என்று பிரித்துக்கொள்கிறேன். யாருக்காவது வாசித்துக் காட்டப்போகிறீர்கள் என்றால், முதல் பக்கத்திலேயே இதை முடிவுசெய்துகொள்ளுங்கள்.

குட்டி வாங்கும் ஆசை வந்தால்

வரும். மூன்றாவது புத்தகத்துக்குள் கட்டாயம் வரும். ஹட்ச் செல்போன் விளம்பரத்துக்குப் பிறகு அதில் வந்த பக் (pug) இனக் குட்டிகளுக்கு எவ்வளவு கிராக்கி இருந்தது, பின்னால் எத்தனை பக் நாய்கள் கைவிடப்பட்டன என்பதை நாம் பார்த்திருக்கிறோம். புத்தகம் விளம்பரத்தைவிட நேர்மையானது, ஆனாலும் ஆசையைக் கிளப்பிவிடும். ஒரு வருஷம் பொறுங்கள். அதற்குள் தெரிந்தவர் வீட்டுப் பெரிய நாயை அவர்கள் ஊருக்குப் போகும் ஒரு வாரம் பார்த்துக்கொள்ளுங்கள். நான் அப்படிப் பீமாவோடு ஐந்து நாள் இருந்தேன். காலை ஐந்தரைக்கு அவன் இழுத்த இழுப்பில் தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது. என் வேலை நேரத்துக்கும் மாடி வீட்டுக்கும் இவ்வளவு பெரிய உயிர் நியாயமில்லை என்று அந்த வாரம்தான் எனக்கு விளங்கியது. அதன்பிறகும் முடிவு மாறவில்லையென்றால், காசு கொடுத்து வாங்கும் முன் பெங்களூரில் 1991-இலிருந்து இயங்கும் க்யூபா (CUPA) போன்ற விலங்கு நல அமைப்புகளில் வளர்ந்த நாய் தத்துக்கு இருக்கிறதா என்று கேளுங்கள்.

கடைசி அத்தியாயம்

கிரேட் டேன் பெரும்பாலும் 7 முதல் 10 வருஷம்தான் இருக்கும். நாய் இனங்களில் உடம்பு பெரிதாகப் பெரிதாக ஆயுள் குறைகிறது. அந்த உயரமான சியூஸ் ஐந்து வயது முடிந்த நிலையில் 2014-இல் இறந்துபோனது. ஆகவே இந்தப் புத்தகங்கள் எங்கே போய் முடியும் என்பது உங்களுக்கு முதல் பக்கத்திலேயே தெரியும். முன்கூட்டியே தெரிந்துகொள்ள விரும்பினால் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், இந்த வகைப் புத்தகத்தில் அது ஒன்றும் தப்பில்லை. மரணம் எப்போது என்பதைவிட அதுவரை என்ன நடந்தது என்பதற்காகத்தான் வாசிக்கிறோம்.

ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன்: கடைசி அத்தியாயத்தை ராத்திரியில் வாசிப்பதில்லை. இதைச் சொல்லிக்கொடுத்ததும் அக்காதான். மார்லி முடிய இருபது பக்கம் இருந்தபோது மணி ஒன்பதாகியிருந்தது. "இத்தோட நிறுத்தும்மா. நாளைக்குப் பகல்ல படிக்கலாம்" என்றார். நான் லீவு போட்டேன். மறுநாள் பதினோரு மணிக்கு வாசற்படிக்குப் பக்கத்தில் இரண்டு மோடாவைப் போட்டு உட்கார்ந்தோம். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார், ஆனால் ஒருதடவைகூட நிறுத்தச் சொல்லவில்லை. நடுவில் பீமா எழுந்து வந்தான், அப்போதே அவனுக்கு ஆறு வயது, மூக்கைச் சுற்றி நரைத்திருந்தது. எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று, யார் பக்கம் சாய்வது என்று கொஞ்ச நேரம் யோசித்தான். அக்கா மோடாவை அரையடி தள்ளிப் போட்டுக்கொண்டார். நான் மிச்சம் மூன்று பக்கத்தை வாசித்தேன்.